கடைசி ஊரில் ஒன்றாம் எண்

"பேரைக் கூப்பிட்டா 'இருக்கேன்'னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வலிக்குதா?"

ஒன்பதாம் வகுப்பில் என் ஆசிரியை என்னைக் கேட்ட கேள்வி இது. வகுப்பே சிரித்தது. நான் பதில் சொல்லவில்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னை, வரவில்லை என்று பதிவேட்டில் குறித்தார். அடுத்த வாரத்திலிருந்து நான் நிஜமாகவே போகவில்லை.

அந்தக் கேள்வியை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். பேர் சொல்லிக் கூப்பிட்டும் பதில் சொல்லாமல் நின்றேனே, அதனால்தான் இன்று உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை, கனவும் இல்லை. ஜனவரி பதினாறு முதல் பத்தொன்பது வரை, நாலு நாள், நாலு ஊர். நேரங்களை அன்றன்றைக்கே நோட்டில் குறித்திருக்கிறேன். சந்தேகம் இருப்பவர்கள் நரினுக்குப் போய் அந்தப் பின்கதவைப் பார்த்துக்கொள்ளட்டும்.

என் பேர் பெர்மெத். பிஷ்கெக்கில் ஒரு தையல் கூடத்தில் வேலை. பக்கத்து மெஷினில் ஜில்திஸ் அக்கா. எங்கள் இருவருக்கும் 'கிரோ' என்றால் பைத்தியம். கிரோ என்றால் எங்கள் மொழியில் உறைபனி. நாலு பையன்கள் சேர்ந்த பாட்டுக் குழு. அதில் பாடுகிறவன் அக்தான். அவன் குரல் தாழ்ந்து இறங்கும் இடத்தில் என் கால் தானாகவே மெஷின் மிதியை விட்டுவிடும். மேற்பார்வை அம்மா கத்துவார். எனக்குக் காதில் விழாது.

இரவில் நான் பாட்டு வரிகள் எழுதுவேன். பச்சை அட்டை நோட்டு. மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். ஜில்திஸ் அக்கா ஒருநாள் திருடிப் படித்துவிட்டாள்.

"ஏய், இதெல்லாம் அக்தான் பாட வேண்டியதுடி. மெத்தைக்கு அடியில வெச்சா மூட்டைப்பூச்சியா பாடும்?"

அன்று முடிவானது. குளிர்காலச் சுற்றுப்பயணம் அறிவித்திருந்தார்கள். தொக்மோக், பாலிக்சி, கோச்கோர், நரின். நாலு ஊருக்கும் பின்னாலேயே போவது. கடைசி ஊரில் நோட்டை அக்தான் கையில் கொடுப்பது.

அதற்கு ஒரு வழி இருந்தது. எங்கள் ரசிகர் கூட்டத்துக்கு ஒரு வழக்கம். அரங்குகளில் மேடைக்கு முன்னால் நாற்காலி கிடையாது, முந்தியவருக்கே இடம். அதனால் காலையிலிருந்தே வாசலில் வரிசை. வரிசைக்கு ஒரு நோட்டு. வந்த வரிசைப்படி பேர் எழுதி, இடது புறங்கையில் பேனாவால் எண் போட வேண்டும். மணிக்கு ஒரு தடவை பேர் வாசிக்க வேண்டும். வாசித்தால் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். இரண்டு தடவை கூப்பிட்டும் பதில் இல்லையா? பேரை அடித்துவிட வேண்டும். அழுதாலும் கெஞ்சினாலும் இடம் போனது போனதுதான்.

நோட்டு வைத்திருப்பவர் எப்போதும் ஒன்றாம் எண். கடைசி ஊரில் நிகழ்ச்சி முடிந்ததும் ஒன்றாம் எண்ணை மட்டும் அக்தான் நேரில் பார்ப்பான். குழுவின் மேலாளர் கொடுத்த வாக்கு அது.

இந்த வருடம் வரிசை நோட்டு என்னிடம் வந்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறதாம்.

"நீ வாசி, நான் கத்துறேன்," என்றாள் ஜில்திஸ் அக்கா. "உன் குரல் கொசுவுக்கே கேக்காது."

முதல் நாள் தொக்மோக். பகல் இரண்டு மணி. பதினாலு பேர் எழுதியிருந்தேன். நான் முணுமுணுக்க, அக்கா கத்த, பதினாலு பேரும் "இருக்கேன்" சொன்னார்கள். நோட்டை மூடினேன்.

"இருக்கேன்."

பதினைந்தாவது குரல்.

திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் ஒரு பெண். வெள்ளைக் கம்பளித் தொப்பி. என் வயதுதான் இருக்கும். அவள் குரலும் என் குரலைப் போலத்தான், பக்கத்தில் நின்றால்தான் கேட்கும்.

"பேரு?"

"சிர்கா."

எழுதினேன். புறங்கையை நீட்டினாள். பதினைந்து என்று போடப் பார்த்தேன். பேனா வழுக்கியது, ஈரக் கண்ணாடியில் எழுதுவதுபோல. மறுபடி அழுத்தினேன். மை ஒட்டவில்லை. குளிரில் பேனா உறைந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்து வந்தவளின் கையில் அதே பேனா நன்றாகவே எழுதியது.

அன்று இரவு நிகழ்ச்சியை எப்படிச் சொல்வது! விளக்கு அணைந்தது. முரசு ஒன்று நெஞ்சுக்குள் அடித்தது. அக்தான் வெளிச்சத்துக்குள் நடந்து வந்தான், எங்களிடமிருந்து நாலடி தூரத்தில். நான் கத்தினேன். வகுப்பில் ஒரு வார்த்தை பேசாத நான் இரண்டு மணி நேரம் கத்தினேன். பக்கத்தில் யார் என்று தெரியாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். வெளியே வந்ததும் சூடான சம்சாவை ஊதி ஊதித் தின்றபடி, தெரு நடுவில் அதே பாட்டை எல்லோரும் பாடினோம். "உங்க ஊர் மாதிரி ஒரு ஊரே இல்ல" என்று அக்தான் சொன்னபோது அவன் கண் கலங்கியதைப் பற்றியே விடியும்வரை பேசினோம். பதினேழு வருடத்தில் அப்படி ஒரு இரவு எனக்கு வந்ததில்லை.

இரண்டாம் நாள் பாலிக்சி. ஏரிக்கரை ஊர். காற்று ஆளையே தூக்கும். நாங்கள்தான் முதல் என்று நினைத்து ஏழு மணிக்கே போனோம். எங்களுக்கு முன்னால் ஐந்தாறு பேர் படிகளில் இருந்தார்கள். அவர்களில் சிர்காவும் ஒருத்தி. நோட்டு என்னிடம் என்பதால் நான் ஒன்று. அவள் ஆறு.

பதினோரு மணி. பேர் வாசித்தேன்.

"சிர்கா!" என்று அக்கா கத்தினாள்.

"இருக்கேன்." என் காதருகே கேட்டது.

"சிர்கா!" அக்கா மறுபடி கத்தினாள். "யாருடி அது? காணோம். அடிச்சிடு."

"சொன்னாளே அக்கா..."

"யாரு சொன்னா? எனக்குக் கேக்கல. அடி."

பேனாவை எடுத்தேன். சிர்கா சுவரோரம் நின்று என்னையே பார்த்தாள். எல்லோருடைய முடியும் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. என் சால்வை பறந்து பறந்து விழுந்தது. அவள் காதோர முடி மட்டும் அசையவில்லை.

அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. என் நினைவுக்கு வந்ததெல்லாம் அந்தப் பதிவேடுதான். குரல் கேட்கவில்லை என்பதற்காக இங்கே இருக்கிற ஒருத்தியை இல்லை என்று அடிப்பதா? அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன். அடித்ததுபோல் பேனாவை ஆட்டிவிட்டு நோட்டை மூடினேன்.

சிர்கா சிரித்தாள்.

அன்று இரவும் அக்தான் சொன்னான்: "உங்க ஊர் மாதிரி ஒரு ஊரே இல்ல." அதே இடத்தில், அதே பாட்டுக்கு முன்னால், அதே கண்ணீர். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கைதட்டினோம்.

மூன்றாம் நாள் கோச்கோர். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. இந்தத் தடவை சிர்கா இரண்டாம் எண். மாலை நாலு மணிக்கு அக்கா தேநீர் வாங்கப் போனாள். சிர்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் பக்கமிருந்து, நிலவறைக் கதவைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு குளிர் வந்தது.

"கடைசி ஊர்ல ஒண்ணு யாரு?"

"நான்தான்."

என் புறங்கையில் இருந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"பத்து நிமிஷம்னு சொல்வாங்க."

"என்னது?"

திரும்பினேன். அவள் இல்லை. அக்கா இரண்டு கோப்பைகளோடு வந்துகொண்டிருந்தாள்.

"யாருகூடடி பேசிட்டிருந்த, தனியா?"

அன்று இரவு நிகழ்ச்சி நடுவில் அக்தான் மைக்கைக் கீழே இறக்கிவிட்டுத் தண்ணீர் குடித்தான். அவன் குரல் மட்டும் பாடிக்கொண்டே இருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன்.

"தொண்டை சரியில்லையோ என்னவோ," என்றாள். "மூணு நாளா பாடுறான்ல, பாவம்." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடுத்த பாட்டுக்கு நாங்கள் இருவரும் ஆடவில்லை.

அப்போதே ஊருக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் பையில் பச்சை நோட்டு இருந்தது. மேடை எப்படியோ போகட்டும், நேரில் பார்க்கும்போது அவன் உண்மையான ஆளாக இருப்பான் என்று நம்பினேன். என் வரிகளை ஒரே ஒருவன் படித்தால் போதும்.

ஜனவரி பத்தொன்பது. தொலோன் கணவாய் தாண்டி நரினுக்குள் நுழையும்போது காலை எட்டே கால். வாடகைக் கார் ஓட்டியவர் மிர்லான், அதே ஊர்க்காரர், வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அரங்கின் பின்பக்கத் தெருவில் திரும்பியதும் பேச்சை நிறுத்தினார். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டார்.

இடுகாட்டைத் தாண்டும்போதுதான் எங்கள் ஆட்கள் அப்படிச் செய்வார்கள். எட்டிப் பார்த்தேன். இடுகாடு எதுவும் இல்லை. ஒரு சுவர், மூன்று படி, ஒரு கதவு.

அன்று சிர்கா வரவில்லை. ஒவ்வொரு மணிக்கும் பேர் வாசித்தேன். முப்பத்தொரு பேர். முப்பத்தொரு பதில். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நிம்மதியாக இருந்தது. நிகழ்ச்சியில் மிச்சமிருந்த குரலையும் கத்தித் தீர்த்தேன்.

இரவு 9:40. மேலாளர் என் கையில் இருந்த எண்ணைப் பார்த்தார்.

"ஒண்ணு நீதானா? பின்கதவுக்குப் போ. தனியா நில்லு. பத்து நிமிஷம்."

கோச்கோரில் சிர்கா சொன்ன அதே பத்து நிமிஷம்.

"நான் மிர்லான் அண்ணனோட காரைப் பிடிச்சு வெக்கிறேன்," என்றாள் அக்கா. "கையைக் காலை உதறிக்கிட்டே நில்லு. அவன்கிட்டயாவது வாயைத் திற. ஊமைன்னு நினைச்சுக்கப் போறான்."

9:45. பின்பக்கம். மூன்று படி. தகரக் கதவு. தூரத்துத் தெருவிளக்கு ஒன்று. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்துநாலு டிகிரி. இமையில் பனி கட்டியது. பச்சை நோட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

9:55. கதவு திறக்கவில்லை.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நாற்காலி நகர்த்தும் சத்தம்கூட இல்லை.

9:58. போய்விடலாமா என்று தோன்றியது. ஆனால் ஒன்றாம் எண் இடத்தை விட்டுப் போனால்...

10:00.

"இருபத்தாறு..."

யாரோ பேர் வாசிக்கத் தொடங்கினார்கள்.

மெல்லிய குரல். எனக்குத் தெரியாத ஒரு பேர்.

"இருக்கேன்."

டிக். காகிதத்தில் பேனா உரசியது.

"இருபத்தஞ்சு..." இன்னொரு தெரியாத பேர்.

"இருக்கேன்."

டிக்.

தெருவில் யாரும் இல்லை. சத்தம் என் காலடியில், படியிலிருந்து வந்தது. இருபது... பதினேழு... பன்னிரண்டு... எண் இறங்கிக்கொண்டே வந்தது. கவனித்துக் கேட்டேன்.

கூப்பிட்டதும் அதே குரல்.

பதில் சொன்னதும் அதே குரல்.

"மூணு..."

"இருக்கேன்."

"ரெண்டு..."

"இருக்கேன்."

டிக்.

படியைப் பார்த்தேன். வெள்ளைத் தொப்பி. குனிந்த தலை. மடியில் நோட்டு.

"ஒண்ணு."

தலை நிமிர்ந்தது.

"பெர்மெத்."

என் வாய் திறந்தது. உண்மையைச் சொல்கிறேன், பதில் சொல்லத்தான் திறந்தது. சொன்னால் இடம் நிலைக்கும். சொன்னால் கதவு திறக்கும். அப்படித்தான் தோன்றியது. அவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாள்.

குரல் வரவில்லை.

வாயிலிருந்து மூச்சின் ஆவிதான் வந்தது.

"பெர்மெத்..."

ஆவி.

சர்ரக்.

ஒரு நீண்ட கோடு.

அவள் எழுந்தாள். என் தோளை உரசாமல் உரசிக்கொண்டு போனாள். சரக்... சரக்... பனியில் நடக்கும் சத்தம் சுவரோரமாகப் போய், மூலையில் திரும்பி, முன்வாசல் பக்கம் தேய்ந்தது.

10:12. காரின் ஹாரன். ஓடினேன். பச்சை நோட்டு கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கவில்லை.

காரில் ஏறியதும் அக்கா என் கன்னத்தைத் தேய்த்தாள். "என்னடி இப்படிக் கட்டையா கிடக்கே! பார்த்தியா அவனை? அவங்க வண்டி ஒன்பதே முக்காலுக்கே முன்வாசல் வழியா போயிடுச்சாம். இப்பத்தான் தெரிஞ்சுது. எந்தக் கதவுலடி நின்ன?"

கையைக் காட்டினேன்.

மிர்லான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "தங்கச்சி... அந்தக் கதவைப் போன வருஷமே ஆணி அடிச்சு மூடிட்டாங்களே."

கார் நகர்ந்தது. கணவாய் ஏறும்போது, முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"எங்க தெருப் பொண்ணு ஒருத்தி. போன குளிர்காலம் இதே குழு வந்தப்ப வரிசை நோட்டு அவகிட்ட இருந்துச்சு. பத்து நிமிஷம் நில்லுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. வண்டி முன்வாசல் வழியா போயிடுச்சு. அது அவளுக்குத் தெரியாது. அன்னிக்கு மைனஸ் முப்பது டிகிரி. காலையில ஆறு மணிக்குக் கூட்டுற அம்மா வந்து பார்த்தா... படியில உட்கார்ந்த மேனிக்கே இருந்திருக்கா."

"பேரு?" அக்கா கேட்டாள்.

"சிர்கா."

அக்காவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது.

"அந்த நோட்டை நானே பார்த்தேன்," என்றார் மிர்லான். "ராத்திரி பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, ஒண்ணு, ரெண்டு... மணிக்கு ஒரு தடவை எல்லாப் பேருக்கும் எதிரே டிக் போட்டிருந்தா. இருபத்தாறு பேருக்கும். அவளைத் தவிர அத்தனை பேரும் அன்னிக்கு ஒன்பதரைக்கே வீட்டுக்குப் போனவங்க."

கார் கணவாயைத் தாண்டியது.

வரிசை நோட்டு என் பையில் இருந்தது. ஜிப் போட்டது போட்டபடி. அக்கா அலைபேசி வெளிச்சத்தில் நரின் பக்கத்தைத் திறந்தாள்.

"இதை யாருடி அடிச்சது?"

ஒன்று, பெர்மெத். அதன் குறுக்கே ஒரு கோடு. அளவுகோல் வைத்துப் போட்டதுபோல நேராக.

எனக்கும் இரண்டாம் எண்ணுக்கும் நடுவே விரல்கடை இடம்தான் இருந்தது. அந்த இடத்தில், சாய்ந்த எழுத்தில், புதிதாக ஒரு வரி.

ஒன்று, அக்தான்.

"இது உன் எழுத்து இல்லையே..." என்றாள் அக்கா. நோட்டை மூடி, என் மடியில் வைக்காமல் பையிலேயே திணித்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் கூடத்தில் கிரோ பாட்டு யாரும் போடவில்லை. என் கையில் இருந்த எண் இரண்டு நாளில் சோப்புப் போட்டதும் போய்விட்டது. இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மார்ச் ஆறு. காலை 11:20. மேற்பார்வை அம்மா ஓடி வந்தார். மேடைக் கோட்டுக்கு அளவு கொடுக்க ஒரு பாடகர் வந்திருக்கிறாராம்.

அக்தான்.

இளைத்திருந்தான். கண்ணுக்குக் கீழே கறுப்பு. உள்ளே வந்தவன் இடது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை. அளவு பார்ப்பதற்கென்று தைத்து வைத்திருந்த மாதிரிக் கோட்டை ஜில்திஸ் அக்கா போட்டுவிட்டாள். ஆறு மாதம் முன்னால் என்றால் மயங்கி விழுந்திருப்பாள்.

"கையை நீட்டுங்க அண்ணா. சட்டைக்கையோட நீளம் பார்க்கணும்."

வலது கையை நீட்டினான்.

"அதையும்."

தயங்கினான். பிறகு நீட்டினான்.

புறங்கை முழுவதும் தேய்த்துத் தேய்த்துச் சிவந்து, தோல் உரிந்திருந்தது. அந்தப் புண்ணுக்கு நடுவே, நீல மையில், ஒரு எண்.

ஒன்று.

அக்காவின் அளவு நாடா கீழே விழுந்தது.

"போகவே மாட்டேங்குது," என்றான் மெதுவாக, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல. "நரின்ல இருந்து."

நான் எழுந்தேன். என் பெட்டியிலிருந்து வரிசை நோட்டை எடுத்து வந்தேன். எத்தனை இரவு ஒத்திகை பார்த்திருக்கிறேன், அவன் முன்னால் நின்று ஒரு நோட்டை நீட்டுவதை. நரின் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தேன்.

குனிந்து பார்த்தான். சாய்ந்த எழுத்தை விரலால் தொடப் போனவன் தொடவில்லை. அந்தக் கையெழுத்து அவனுக்குத் தெரிந்திருந்தது; மிர்லான் பார்த்த அந்தப் பழைய நோட்டை அவனும் பார்த்திருக்க வேண்டும். அவன் முகத்திலேயே தெரிந்தது.

"சிர்கா யாரு?" என்று கேட்டேன். அவனிடம் நான் பேசிய ஒரே வார்த்தை அதுதான். என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

கோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தான். தன்னுடைய மேல்கோட்டை ஆணியிலிருந்து எடுக்கவில்லை. இடது கையை வலது கையால் மூடிக்கொண்டான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

வெறும் சட்டையோடு கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான்.